அனர்த்த நட்டம் யாருடைய கணக்கில்?

உலகின் ஏதாவதொரு மூலையில் பெரும் புவியதிர்வோ, சூறாவளியோ, வெள்ளமோ ஏற்பட்டால் முதல் சில நாட்களுக்கு உயிரிழந்தோரின் எண்ணிக்கையே ஊடகங்களில் முக்கியத்துவம் பெறும். அதுவே முறையுமாகும். சில வாரங்கள் கடந்த பின்னர் வேறு இரண்டு தொகைகள் வெளிவரும். ஒன்று, அந்த அனர்த்தத்தினால் ஏற்பட்ட மொத்தப் பொருளாதார நட்டம். மற்றையது, அந்த நட்டத்தில் காப்புறுதி செய்யப்பட்டிருந்த பகுதி. பத்திரிகையின் உட்பக்கமொன்றில் சிறிய எழுத்தில் வரும் இவ்விரு தொகைகளையும் நம்மில் பலர் வாசிப்பதில்லை. ‘பில்லியன் டொலர்’ என்ற சொல்லைக் கண்டதும், இது பெரிய நாடுகளின் விவகாரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம்.

ஆனால் ஒரு கடையோ, களஞ்சியமோ, சிறு கைத்தொழிலோ வைத்திருக்கும் எவரும் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம் என நான் கருதுகின்றேன். முதலாவது தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது, எந்த நிறுவனமும் பொறுப்பேற்காத நட்டமாகும். அது காற்றில் கரைந்து போவதில்லை. யாரோ ஒருவருடைய சேமிப்பிலிருந்தும், மனைவியின் நகையிலிருந்தும், பிள்ளைகளின் படிப்புச் செலவிலிருந்தும் அது கழிக்கப்படுகின்றது.

கணக்கெடுப்பவர்கள் யார்?

இந்தத் தொகைகளை ஆண்டுதோறும் திரட்டி வெளியிடுவோரில் முதன்மையானவை இரண்டு மீள்காப்புறுதி நிறுவனங்களாகும். 1863இல் ஆரம்பிக்கப்பட்ட சுவிட்சர்லாந்தின் சுவிஸ் ரீ நிறுவனமும், 1880இல் ஆரம்பிக்கப்பட்ட ஜேர்மனியின் மியூனிக் ரீ நிறுவனமுமே அவையாகும். நாம் ஒரு நிறுவனத்திடம் காப்புறுதி செய்கின்றோம். அந்த நிறுவனம் தான் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் ஒரு பகுதியை இத்தகைய பெரு நிறுவனங்களிடம் மீண்டும் காப்புறுதி செய்துகொள்கின்றது. ஆகவே உலகின் எந்தப் பகுதியில் கூரை பறந்தாலும் அதில் ஒரு பங்கு இவர்களுடைய கணக்கேட்டுக்கு வந்து சேரும். தமது தொழிலுக்காக அவர்கள் திரட்டும் புள்ளிவிபரங்களே இன்று அரசாங்கங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆதாரமாக விளங்குகின்றன.

மியூனிக் ரீ நிறுவனத்தின் கணக்கின்படி 2024ஆம் ஆண்டில் உலகளாவிய ரீதியில் இயற்கை அனர்த்தங்களால் ஏற்பட்ட மொத்த நட்டம் ஏறத்தாழ 320 பில்லியன் டொலராகும். அதில் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது ஏறத்தாழ 140 பில்லியன் டொலர். அதாவது, எஞ்சிய 180 பில்லியன் டொலரையும் பாதிக்கப்பட்டோரும் அவர்களது அரசாங்கங்களுமே சுமக்க நேர்ந்தது. காப்புறுதி செய்யப்பட்ட பகுதியில் மிகப் பெரும் பங்கு ஐக்கிய அமெரிக்காவுக்குரியது என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். வறிய நாடுகளை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்தால் காப்புறுதியின் பங்கு மிகவும் சொற்பமானதாகும்.

ஒரே ஆண்டில் இரு புவியதிர்வுகள்

இதனை விளக்குவதற்கு 2010ஆம் ஆண்டைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. அவ்வாண்டு ஜனவரி 12ஆம் திகதி ஹெய்ட்டியில் 7.0 அளவிலான புவியதிர்வு ஏற்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டது. பொருளாதார நட்டம் ஏறத்தாழ 8 பில்லியன் டொலர். இத்தொகை அந்நாட்டின் ஓராண்டுக்கான மொத்த உள்நாட்டு உற்பத்தியையும் விஞ்சியது. காப்புறுதி செய்யப்பட்டிருந்த நட்டமோ ஏறத்தாழ 200 மில்லியன் டொலர் மாத்திரமே.

ஆறு வாரங்களுக்குப் பின்னர், பெப்ரவரி 27ஆம் திகதி, சிலி நாட்டில் 8.8 அளவிலான புவியதிர்வு ஏற்பட்டது. வெளிப்பட்ட சக்தியின் அடிப்படையில் இது ஹெய்ட்டியில் ஏற்பட்டதைவிடப் பன்மடங்கு பெரியதாகும். நட்டம் ஏறத்தாழ 30 பில்லியன் டொலர். ஆனால் உயிரிழந்தோர் 500 பேரளவினரே. காப்புறுதி நிறுவனங்கள் 8 பில்லியன் டொலரளவில் செலுத்தின. சிலியில் கட்டட விதிமுறைகள் ஏட்டில் மட்டுமன்றி நடைமுறையிலும் இருந்தன. காப்புறுதிச் சந்தையும் வளர்ந்திருந்தது. சிலி தனது நட்டத்தின் கால்வாசியளவுக்கு வெளியிலிருந்து உரிமையோடு பணம் பெற்றது. ஹெய்ட்டியோ உதவி மாநாடுகளை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

ஹெய்ட்டி விடயத்தில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு. கரீபியன் நாடுகள் ஒன்றிணைந்து 2007இல் ஒரு பொதுக் காப்புறுதி நிதியத்தை ஆரம்பித்திருந்தன. அந்நிதியம் சேதத்தை வீடு வீடாக மதிப்பிடுவதில்லை. புவியதிர்வின் அளவு, காற்றின் வேகம் போன்ற முன்கூட்டியே இணங்கிக்கொண்ட அளவைகளைத் தாண்டினால் உடனே பணம் வழங்கும். இரண்டு வாரங்களுக்குள் ஹெய்ட்டி அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 8 மில்லியன் டொலர் கிடைத்தது. நட்டத்தோடு ஒப்பிடுகையில் இது சிறு துளியே. ஆயினும் அரசாங்கத்தின் கட்டடங்களே இடிந்து கிடந்த வேளையில் கைக்கு வந்த முதற் பணங்களுள் அதுவும் ஒன்றாகும்.

செல்வந்த நாடுகளிலும் இடைவெளி உண்டு

பணக்கார நாடுகள் அனைத்தும் பாதுகாப்பாக உள்ளன என்றும் எண்ணிவிடக் கூடாது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைப் புவியதிர்வு தாக்கியபோது ஏறத்தாழ 100 பில்லியன் டொலர் நட்டம் ஏற்பட்டது. அதில் காப்புறுதி நிறுவனங்கள் செலுத்தியது 3 பில்லியன் டொலரளவே. அக்காலத்தில் புவியதிர்வுக் காப்புறுதியை நாடியவர்கள் மிகக் குறைவு. உலகின் முன்னணிக் கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய கோபே, பின்னர் திருத்தியமைக்கப்பட்ட போதிலும் இழந்த இடத்தை மீளப் பெறவில்லை. அதன் வாடிக்கையாளர்கள் அதற்கிடையில் தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குப் பழகிவிட்டனர். கடையை மீளக் கட்டுவது ஒரு விடயம், வாடிக்கையாளரை மீளப் பெறுவது இன்னொரு விடயம் என்பதை எமது வர்த்தகர்கள் அறிவார்கள்.

2005 ஓகஸ்டில் ஐக்கிய அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியின் மொத்த நட்டம் ஏறத்தாழ 125 பில்லியன் டொலராகும். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் 40 பில்லியன் டொலருக்கு மேல் செலுத்தின. அந்நாட்டு அரசாங்கத்தின் வெள்ளக் காப்புறுதித் திட்டம் மேலும் 16 பில்லியன் டொலரளவில் செலுத்தியது. இருந்தும் பல்லாயிரம் குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நின்றன. காரணம், அவர்களுடைய வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் காற்றினால் ஏற்படும் சேதத்தை ஏற்றுக்கொண்டது. வெள்ளத்தினால் ஏற்படும் சேதத்தை விலக்கியிருந்தது. அடித்தளம் மட்டுமே எஞ்சிய ஒரு வீட்டைக் கொண்டு சென்றது காற்றா, தண்ணீரா என்பதே வழக்கு.

அதே கதை 2024இலும் தொடர்ந்தது. அவ்வாண்டு ஹெலீன் சூறாவளி 56 பில்லியன் டொலர் நட்டத்தை ஏற்படுத்திற்று. காப்புறுதி செய்யப்பட்டிருந்தது 16 பில்லியன் மாத்திரமே. பெரும் சேதம் கரையோரத்துக்கு அப்பால், மலைப்பாங்கான பிரதேசங்களில் வெள்ளத்தினால் ஏற்பட்டமையே இதற்குக் காரணம். மலையில் வசிப்பவருக்கு வெள்ளக் காப்புறுதி எதற்கு என்று அங்குள்ளோரும் எண்ணியிருந்தனர். இரு வாரங்களின் பின் புளோரிடாவைத் தாக்கிய மில்ட்டன் சூறாவளியின் நட்டம் 38 பில்லியன் டொலர். அதில் 25 பில்லியன் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. அங்கு சேதத்தின் பெரும்பகுதி காற்றினால் ஏற்பட்டது.

தாய்லாந்து தந்த பாடம்

வர்த்தகர் என்ற வகையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 2011இல் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தையாகும். ஜப்பானின் புவியதிர்வும் சுனாமியும் நிகழ்ந்த அதே ஆண்டில் இது ஏற்பட்டதால் பலருடைய நினைவில் நிற்கவில்லை. மாதக்கணக்கில் நீடித்த அந்த வெள்ளம் ஏழு பெரும் கைத்தொழிற் பேட்டைகளை மூழ்கடித்தது. உலக வங்கி நட்டத்தை 46.5 பில்லியன் டொலரென மதிப்பிட்டது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், கணினிகளுக்கான வன்தட்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் தண்ணீரில் நின்றன. உலகெங்கும் வன்தட்டின் விலை உயர்ந்தது. ஒரு துளி வெள்ளத்தையும் காணாத நாடுகளிலுள்ள கணினிக் கடைக்காரர்களும் அந்த வெள்ளத்தின் செலவில் பங்கெடுத்தனர்.

காப்புறுதி நிறுவனங்கள் சுமார் 15 பில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. அதுவரை தாய்லாந்தின் வெள்ள அபாயத்தை அவை பெரிதாகக் கணக்கிடவில்லை. தீக் காப்புறுதியோடு வெள்ளத்தையும் குறைந்த கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்து வந்தன. அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாக மாறியது. கட்டுப்பணம் பன்மடங்கு உயர்ந்தது. வெள்ளத்தை ஏற்க மறுத்த நிறுவனங்களும் உண்டு. இறுதியில் தாய்லாந்து அரசாங்கம் 2012இல் 50 பில்லியன் பாத் செலவில் அனர்த்தக் காப்புறுதி நிதியமொன்றை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. காப்புறுதியின் இயல்பு இதுதான். அனர்த்தத்துக்கு முன்னர் அது மலிவானது; அனர்த்தத்துக்குப் பின்னர் எல்லோரும் தேடும்போது விலை உயர்ந்துவிடும். செல்வந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2023இல் கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனம் புதிய வீடுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீ ஏறத்தாழ 40 பில்லியன் டொலர் காப்புறுதி நட்டத்தை ஏற்படுத்தியது.

எமது நாட்டின் கணக்கு

2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமி இந்து சமுத்திர நாடுகளில் 220,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. மொத்தப் பொருள் நட்டம் ஏறத்தாழ 10 பில்லியன் டொலர். உயிரிழப்போடு ஒப்பிடும்போது இத்தொகை சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம், அழிந்தவை ஏழைகளின் சொத்துக்கள் என்பதேயாகும். மீனவரின் படகும், ஓலை வீடும், சந்தைக் கடையும் டொலர் கணக்கில் மிகக் குறைவாகவே பதியப்படும். ஆனால் அவற்றின் உரிமையாளருக்கு அவையே முழு உலகமாகும். இலங்கையில் சொத்துச் சேதம் மாத்திரம் ஏறத்தாழ 1 பில்லியன் டொலரென உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியன ஜப்பானிய நிறுவனமொன்றுடன் இணைந்து மதிப்பிட்டன. அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் கொடுத்த விலையை எமது வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

2016 ஏப்ரலில் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக வீடுகளையும் சிறு வர்த்தக நிலையங்களையும் உள்ளடக்கிய தேசிய அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்றை நடைமுறைப்படுத்தியது. ஏறத்தாழ 300 மில்லியன் ரூபா கட்டுப்பணத்துக்கு 10 பில்லியன் ரூபா வரையான பாதுகாப்பு பெறப்பட்டது. அடுத்த மாதமே களனி கங்கை பெருக்கெடுத்தது; கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின; அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாதத்தில் மீண்டும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. அடுத்தடுத்து நட்டமடைந்த மீள்காப்புறுதியாளர்கள் கட்டுப்பணத்தை உயர்த்தினர். தாய்லாந்தில் நிகழ்ந்ததே சிறிய அளவில் இங்கும் நிகழ்ந்தது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி எமது நாட்டைப் புரட்டிப் போட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரடிச் சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டொலரென மதிப்பிட்டது. இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதமாகும். கண்டி மாவட்டமே அதிக சேதத்தைச் சந்தித்தது. கரையோரத்தில்தான் அபாயம், மலையகம் பாதுகாப்பானது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஹெலீன் சூறாவளி அமெரிக்காவுக்கு உணர்த்தியது போல, தித்வா எமக்கு உணர்த்தியது.

‘இன்ஷூரன்ஸ் இருக்குது’ என்ற நம்பிக்கை

2016 வெள்ளத்தின் பின்னர் கொழும்பின் புறநகர் ஒன்றில் வன்பொருட் கடை நடத்தும் ஒரு ஹாஜியாரைச் சந்தித்தேன். நான்கு நாட்கள் கடையினுள் தண்ணீர் நின்றிருந்தது. சீமெந்து மூட்டைகள் கல்லாகிவிட்டன.

“ஹாஜியார், காப்புறுதி ஏதும் எடுத்திருந்தீர்களா?” என்று கேட்டேன்.

“இன்ஷூரன்ஸ் இருக்குது மகன். பேங்கில லோன் எடுக்கக்குள்ள அவங்களே போட்டுத் தந்தாங்க. வருஷா வருஷம் காசு வெட்டுறாங்க” என்றார் நம்பிக்கையோடு.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டடத்துக்குத் தீக் காப்புறுதி மாத்திரமே இருந்தது. கடையிலுள்ள பொருட்கள் அதில் சேர்க்கப்படவில்லை. வெள்ளம் என்ற சொல்லே எங்கும் காணப்படவில்லை. வங்கி தனது கடனுக்குத் தேவையான பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டதே தவிர, அவரது வியாபாரத்தைப் பாதுகாப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் விளக்கிச் சொல்லவுமில்லை. “அப்ப இவ்வளவு நாளும் கட்டின காசு?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலிருக்கவில்லை.

உலக வங்கியின் பெரிய கணக்கில் ‘காப்புறுதி செய்யப்படாத நட்டம்’ என்று ஒரே வரியில் எழுதப்படுவது இத்தகைய ஆயிரமாயிரம் கடைகளின் கூட்டுத்தொகையே.

தகாபுல் பற்றி

எமது சமூகத்தில் காப்புறுதியைத் தவிர்ப்பதற்கு மார்க்க ரீதியான காரணமும் உண்டு. நிலையான கட்டுப்பணத்தை அடிப்படையாகக் கொண்ட வர்த்தகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் நிச்சயமற்ற தன்மை கலந்திருப்பதாக ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி 1985இல் தீர்மானித்தது. அதே தீர்மானம் பரஸ்பர ஒத்துழைப்பை அடிப்படையாகக் கொண்ட காப்புறுதியை மாற்று வழியாக முன்வைத்தது. பங்குபற்றுநர்கள் ஒரு பொது நிதிக்கு நன்கொடையாகப் பணம் செலுத்தி, நட்டமடைந்தவருக்கு அதிலிருந்து வழங்குவதே தகாபுல் முறையாகும். 1979இல் சூடானில் இதற்கான முதலாவது நிறுவனம் தோன்றியது. 1984இல் மலேசியா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையிலும் 1999 முதல் தகாபுல் சேவை இயங்கி வருகின்றது.

ஆகவே காப்புறுதி கூடாது என்று சொல்லிவிட்டு, மாற்று வழியையும் நாடாதிருப்பதற்கு நியாயமில்லை. அதேவேளை தகாபுல் என்ற பெயர் இருப்பதால் மாத்திரம் எல்லா அபாயங்களும் அடங்கிவிடும் என்றும் கருதக் கூடாது. அங்கும் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள அபாயங்களுக்கே பணம் கிடைக்கும்.

வர்த்தகர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் பத்திரத்தில் வெள்ளம், சூறாவளி, மண்சரிவு, புவியதிர்வு ஆகியன பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். தீக் காப்புறுதியோடு இவை தாமாகவே வருவதில்லை. பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் செலுத்தியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெறுமதியைக் குறைத்துக் காட்டாதீர்கள். ஒரு கோடி ரூபா பெறுமதியான பொருட்களை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 50 இலட்சம் நட்டமேற்பட்டால் 40 இலட்சம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். சராசரி விதி பொருந்தும் பத்திரத்தில் அவ்வாறு கிடைக்காது. பெறுமதியில் 40 வீதத்துக்கே காப்புறுதி செய்தவருக்கு நட்டத்திலும் 40 வீதமே, அதாவது 20 இலட்சமே கிடைக்கும். அண்மைய ஆண்டுகளில் விலைகள் ஏறிய வேகத்தில் பழைய பெறுமதியையே புதுப்பித்து வருவோர் தம்மையறியாமலே இந்த நிலைக்கு உள்ளாகியிருக்கக் கூடும்.

மூன்றாவது, கணக்குப் புத்தகங்களையும் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளையும் கடையில் மாத்திரம் வைத்திருக்காதீர்கள். பொருளோடு ஆதாரமும் மூழ்கினால் நட்டத்தை நிரூபிப்பது எவ்வாறு? மாதமொரு முறை கையிருப்பைப் புகைப்படமெடுத்து வேறோரிடத்தில் வைத்திருப்பதற்குச் செலவில்லை.

நான்காவது, கடை மூடியிருக்கும் நாட்களில் இழக்கப்படும் வருமானத்துக்கும் தனியான காப்புறுதி உண்டு. 2011இல் தாய்லாந்தில் செலுத்தப்பட்ட தொகையில் இதற்கும் கணிசமான பங்கிருந்தது. வாடகையும் ஊழியர் சம்பளமும் வெள்ளத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஐந்தாவது, காப்புறுதிக்கு முன்னர் தடுப்பு. சிலியில் உயிர்களைக் காத்தது உறுதியான கட்டடமேயன்றிக் காப்புறுதிப் பத்திரமல்ல. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் நீரில் நிற்கும் அக்குறணை போன்ற நகரங்களில், பொருட்களை உயரமான தட்டுகளில் வைப்பதும், ஆற்றோரத்தையும் வடிகான்களையும் அடைத்துக் கட்டாதிருப்பதும் எந்தக் காப்புறுதியையும்விட மலிவானவையாகும். வர்த்தகர் சங்கங்கள் இவ்விடயத்தில் முன்வர வேண்டும். பத்துக் கடைக்காரர்கள் தனித்தனியே பேசுவதைவிட நூறு பேர் ஒன்றாகச் சென்றால் கட்டணத்திலும் நிபந்தனையிலும் நியாயமான சலுகையைக் கேட்டுப் பெறலாம்.

அனர்த்தம் நிகழ்ந்ததும் எமது பள்ளிவாசல்களும் இளைஞர்களும் சமைத்த உணவோடும் உடையோடும் முதலில் களத்திலிறங்குவது பெருமைக்குரிய வழக்கமாகும். அது தொடர வேண்டும். ஆனால் உணவுப் பொதி மூன்று நாட்களுக்கே போதுமானது. மூன்று மாதங்களின் பின்னர், கடனோடும் வெறுமையான கடையோடும் நிற்கும் வர்த்தகரின் நிலை பற்றி எவரும் பேசுவதில்லை. இந்த வாரம் கடையை மூடியதும், இரும்புப் பெட்டியில் கிடக்கும் அந்தக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். விளங்காத வரிகளைக் கோடிட்டு, அடுத்த நாளே முகவரிடம் கேளுங்கள். பத்திரமே இல்லாதவர்கள், அடுத்த மழைக்காலத்துக்கு எத்தனை மாதங்கள் உள்ளன எனக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.